அவள் யாருடைய மகள்?

ஒரு தந்தை நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் அவர் குறிப்பிடவில்லை, நாமும் தேடவில்லை. மார்க்கத் தீர்வு கேட்பதற்காக ஒருவர் தம் வீட்டு விஷயத்தைச் சொல்வது குற்றத்தைப் பறைசாற்றுவது ஆகாது. ஆகவே, தேவையான அளவுக்கு மட்டும் அதை இங்கே எடுத்துரைக்கிறோம்.

கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணி, ஓர் இரவு செல்போனில் ஆபாசப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்த தந்தை அதைப் பார்த்துவிட்டார். ஆத்திரத்தில் கை நீட்டி அடித்தும்விட்டார். மகன் அழவில்லை. "அத்தா, அதில் நடிக்கிறவர்கள் சம்மதித்து, கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டுதானே நடிக்கிறார்கள்? நான் என் அறையில் தனியாகத்தானே பார்க்கிறேன்? இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டானாம். தந்தை "ஹராம்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவருக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் நம்மிடம் கேட்கிறார்.

"ஹராம்" என்ற ஒரு சொல் முஃமினுக்குப் போதும். அதில் ஐயமில்லை. ஆனால் அல்லாஹ் தடுத்தவற்றில் வீணாகத் தடுத்தது என்று ஒன்றும் இல்லை. ஓர் இளைஞன் காரணம் கேட்கிறான் என்றால் அவன் இன்னும் நம்மோடு பேசத் தயாராக இருக்கிறான் என்று பொருள். அதட்டி அனுப்பினால் அவன் வாயை மூடிக்கொள்வான்; செல்போனை மூடமாட்டான். எனவே அந்தக் கேள்வியை அதன் போக்கிலேயே எடுத்துக்கொண்டு, பொறுமையாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

காலடிச் சுவடுகள்

ஷைத்தானின் காலடிச் சுவடுகளைப் பின்பற்றக் கூடாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 21-ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஷைத்தான் ஒரே தாவலில் யாரையும் பள்ளத்தில் தள்ளுவதில்லை. ஒவ்வோர் அடியாகவே அழைத்துப் போகிறான். ஒவ்வோர் அடியும் சிறியது. முந்திய அடியை ஏற்றுக்கொண்டவனுக்கு அடுத்த அடி பெரிதாகத் தோன்றாது. நேற்றுவரை சந்து பொந்துகளில் ஒளிந்திருந்த ஆபாச வியாபாரம் இன்று "வயது வந்தோர் பொழுதுபோக்குத் தொழில்" என்ற கௌரவமான பெயரோடு நடுவீட்டுக்கு வந்திருக்கிறது. அது வந்த வழியைப் பார்த்தால் இந்த வசனத்தின் பொருள் விளங்கும்.

1953 டிசம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹ்யூ ஹெஃப்னர் என்பவர் 'ப்ளேபாய்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முதல் இதழில் நடிகை மர்லின் மன்றோவின் நிர்வாணப் படம் இடம்பெற்றது. அது 1949-ல், அவர் வறுமையில் இருந்தபோது, ஒரு காலண்டருக்காக எடுக்கப்பட்ட படம். அதற்கு அவர் பெற்ற கூலி 50 டாலர். ஹெஃப்னர் அதன் உரிமையைக் காலண்டர் கம்பெனியிடம் விலைக்கு வாங்கினார். அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. இதழ் 50,000 பிரதிகளுக்குமேல் விற்றது. இந்தத் தொழிலின் முதல் செங்கல்லே இப்படித்தான் வைக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அந்தப் பத்திரிகை ஒரு தந்திரம் செய்தது. நிர்வாணப் படங்களுக்கு நடுவே பெரிய எழுத்தாளர்களின் கதைகளையும் பெரிய மனிதர்களின் பேட்டிகளையும் வைத்தது. மால்கம் எக்ஸ் 1963-லும், மார்ட்டின் லூதர் கிங் 1965-லும் அதில் பேட்டி அளித்தார்கள். 1976-ல் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட ஜிம்மி கார்ட்டர் அதே பத்திரிகையில், தாம் பல பெண்களை இச்சையோடு பார்த்ததுண்டு என்றும், உள்ளத்தால் அந்தப் பாவத்தைச் செய்ததுண்டு என்றும் ஒப்புக்கொண்டார். கண்ணுக்கும் ஒரு விபசாரம் உண்டு, அது பார்வை என்று நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததை அறிந்தவர்களுக்கு இந்த வாக்குமூலம் புதிதல்ல. வியப்பு என்னவென்றால், பார்வையின் பாவத்தைப் பற்றிய அந்தப் பேச்சே, பார்வையை விற்கும் கடையில் வைத்து விற்கப்பட்டது. நல்லது தீயதோடு கலந்து வைக்கப்படும்போது நல்லதன் மரியாதை தீயதற்கும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது.

1969-ல் டென்மார்க் நாடு ஆபாசப் படங்களுக்கு இருந்த தடையை நீக்கியது. 1972-ல் நியூயார்க்கில் ஒரு முழுநீள ஆபாசத் திரைப்படம் வெளியாயிற்று. அதன் பெயரை இந்தப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. கணவனும் மனைவியுமாக, நாகரிகக் குடும்பத்தினர் என்று கருதப்பட்டவர்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். பெரிய பத்திரிகைகள் அதைப் புதிய நாகரிகம் என்று எழுதின. 1973-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம், எது ஆபாசம் என்பதை அந்தந்தப் பகுதி மக்களின் மதிப்பீட்டைக் கொண்டு அளக்க வேண்டும் என்று தீர்ப்புரைத்தது.

இங்கேதான் சிந்திக்க வேண்டிய இடம் இருக்கிறது. மக்களின் வெட்கத்தைக் கொண்டு ஆபாசத்தை அளப்பது என்றால், வெட்கம் குறையக் குறைய ஆபாசமும் "குறைந்து"விடும்! துணிக்கடையில் துணியோடு சேர்ந்து முழக்கோலும் சுருங்கினால் வாங்குகிறவன் கதி என்ன? அளக்கப்படும் பொருளோடு சேர்ந்து மாறாத அளவுகோல் ஒன்று மனிதனுக்கு வேண்டும். ஹலால், ஹராம் என்று அல்லாஹ் வகுத்த எல்லை அதுதான்.

கொட்டகைக்குப் போகிறவன் தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். பின்னர் வந்த வீடியோ கேஸட் அந்தக் கூச்சத்தைப் போக்கியது. ஹோட்டல் அறைத் தொலைக்காட்சி, ஊரறியாமல் பார்க்கும் வசதியைத் தந்தது. 2007-ல் கனடாவின் மான்ட்ரியால் நகரிலிருந்து இலவச இணையதளம் வந்தபோது காசும் தடையாக இல்லாமல் போயிற்று. 2016-ல் லண்டனிலிருந்து வந்த மற்றொரு தளம், எந்தப் பெண்ணும் தன் அறையிலிருந்தே தன் உடலைக் காட்டிச் சந்தா வசூலிக்கலாம் என்றது. வசூலில் நூற்றுக்கு 20 தளத்துக்கு. இன்று அதையும் ஒரு வேலை என்றே கூசாமல் சொல்லிக்கொள்கிறார்கள். மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக் குடிக்கும் கூட்டம் ஒன்று வரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்தார்கள். பாவத்தின் பெயரை மாற்றினால் பாதி வெட்கம் போய்விடும் என்பது ஷைத்தானுக்கு நன்றாகத் தெரியும்.

கையெழுத்துக்குப் பின்னால்

இப்போது மகனின் முதல் வாதத்துக்கு வருவோம். "சம்மதித்துத்தானே நடிக்கிறார்கள்?"

1972-ல் வந்த அந்தப் படத்தில் நடித்த பெண் லிண்டா போர்மன். படம் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. தமக்குப் பேசப்பட்ட 1,250 டாலரும் கணவன் கைக்கே போயிற்று என்று அவர் பின்னர் சொன்னார். 1980-ல் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். கணவன் அடித்தும் துப்பாக்கி காட்டி மிரட்டியும் தம்மை அதில் தள்ளினான் என்பது அவர் கூற்று. 1986-ல் அரசாங்க விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, அந்தப் படத்தைப் பார்க்கிற ஒவ்வொருவரும் தாம் கற்பழிக்கப்படுவதைத்தான் பார்க்கிறார்கள் என்ற கருத்தைத் தெரிவித்தார். 2002-ல் அவர் இறந்தார். படம் இன்னும் இருக்கிறது.

அவர்களுக்கிடையே நடந்ததைத் தீர்ப்பளிக்க நாம் நீதிபதிகள் அல்ல. நாம் கேட்பது வேறு: வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிய அத்தனை பேரில் ஒருவருக்காவது உண்மை தெரிந்துகொள்ள வழி இருந்ததா? திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் அந்தச் சிரிப்பையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். மிரட்டப்பட்டவளும் சிரிப்பாள், சிரிக்காவிட்டால் அடி விழும்.

"அது பழைய கதை, இப்போது ஒப்பந்தம் இருக்கிறது" என்று சொல்லலாம். அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு கம்பெனி, விளம்பரப் படங்களுக்கு அழகிகள் தேவை என்று சொல்லி இளம் பெண்களை வரவழைத்தது. பிறகு, படம் இணையத்தில் வராது, தொலைதூர நாடுகளில் மட்டுமே தட்டாக விற்கப்படும் என்று உறுதி சொல்லிக் கையெழுத்து வாங்கியது. படம் எடுத்த கையோடு இணையத்தில் போட்டது. அந்தப் பெண்களின் உறவினர், நண்பர், சக மாணவர் எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்தது. 22 பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2020 ஜனவரியில் அவர்களுக்கு ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டாலர் நஷ்டஈடு தரத் தீர்ப்பாயிற்று. கம்பெனியின் தலைவனுக்கு 2025-ல் 27 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்தவர்களும் "கையெழுத்துப் போட்டுத்தானே நடித்திருக்கிறாள்" என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆம், கையெழுத்து இருந்தது!

இன்னும் ஒன்று. 2020 டிசம்பரில், அந்த மான்ட்ரியால் தளத்தில் சிறுமிகளின் படங்களும் பலவந்தப் படங்களும் இருப்பதை 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. சில நாட்களிலேயே விசாவும் மாஸ்டர்கார்டும் தம் அட்டைகளை அங்கே செல்லாததாக்கின. உடனே கம்பெனி, யார் ஏற்றியது என்று சரிபார்க்கப்படாத படங்களை எல்லாம் அகற்றியது. தளத்திலிருந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை மறைந்தன. அதன் பொருள் என்ன? அவற்றில் இருப்பவர் யார், வயது என்ன, சம்மதித்தாரா என்பது கம்பெனிக்கே உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. கடைக்காரனுக்கே தெரியாத சம்மதம் படுக்கையில் கிடந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அறுத்தவன் யார் என்று தெரியாத இறைச்சியை நம் வீட்டுச் சட்டியில் ஏற்றமாட்டோம். வழி தெரியாத சம்மதத்தைக் கண்ணுக்குள் ஏற்றலாமா?

சரி, உண்மையாகவே மனமொப்பிச் சம்மதித்தவர்களும் இருக்கிறார்கள். அதை மறுப்பது நேர்மையாகாது. அவர்கள் விஷயத்தில் என்ன சொல்வது?

சம்மதம் மட்டுமே ஒன்றை நல்லதாக்கிவிடாது என்பதை நம் வாழ்விலேயே பார்க்கிறோம். வட்டிக்கு வாங்குகிறவன் சம்மதித்தே வாங்குகிறான். சூதாடுகிறவன் சம்மதித்தே ஆடுகிறான். அதனால் அவை ஹலால் ஆகிவிட்டனவா? உடல் நமக்குச் சொந்தமல்ல; அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தை விற்கச் சம்மதிக்கும் உரிமை காவல்காரனுக்குக் கிடையாது.

நிக்காஹ்விலும் சம்மதம் கேட்கப்படுகிறது. பெண்ணின் சம்மதமின்றி அவளை மணமுடித்து வைப்பதை நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அங்கே சம்மதம் என்பது பொறுப்பின் தலைவாசல். அதற்குப் பின்னால் மஹர் இருக்கிறது, ஜீவனாம்சம் இருக்கிறது, நோயில் பக்கத்தில் இருப்பது இருக்கிறது, பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் பெயர் இருக்கிறது. அந்தச் சந்தையிலோ சம்மதம் என்பது பொறுப்பிலிருந்து தப்பித்துப்போகும் கொல்லைவாசல். "நீ சம்மதித்தாய், காசு வாங்கினாய், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை." நிக்காஹ் உறவைச் சாட்சிகள் முன் அறிவித்து, அந்தரங்கத்தை மறைக்கிறது. அந்தத் தொழில் அந்தரங்கத்தை உலகுக்குக் காட்டி, உறவை இல்லாமலாக்குகிறது. இரண்டும் நேர் எதிர்த் திசைகள்.

யாருக்கு நஷ்டம்?

"தனியாகத்தானே பார்க்கிறேன்" என்பது மகனின் இரண்டாவது வாதம். காசு கொடுக்காமல் பார்க்கிறவன் தனக்கும் அந்த வியாபாரத்துக்கும் தொடர்பில்லை என்று எண்ணுகிறான். அது தவறு. ஒவ்வொருவரின் பார்வையும் எண்ணப்பட்டு, அந்த எண்ணிக்கை விளம்பரதாரர்களிடம் விற்கப்படுகிறது. இலவசமாகப் பார்க்கிறவனும் வாடிக்கையாளன்தான். அவன் கட்டணத்தைக் கண்ணால் செலுத்துகிறான். பார்ப்பவன் இல்லையென்றால் அந்தப் படத்தை எடுப்பவனும் இல்லை.

அடுத்த நஷ்டம் அவனுக்கே. திருமறை விபசாரம் செய்யக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. அதன் பக்கத்திலேயே நெருங்கக் கூடாது என்கிறது (17:32). எதிர்பாராமல் விழும் பார்வையைப் பற்றி ஜரீர் (ரலி) அவர்கள் கேட்டபோது, பார்வையைத் திருப்பிக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதல் பார்வை மன்னிக்கப்படும், தொடரும் பார்வைக்கு அந்தச் சலுகை இல்லை என்று அலீ (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். ஏன் இத்தனை கண்டிப்பு? கண் பார்த்ததை உள்ளம் மறப்பதில்லை. நாளை அவன் கைப்பிடிக்கப்போகும் பெண், தான் ஒருபோதும் பார்த்திராத ஆயிரம் பெண்களோடு ஒப்பிடப்படுவாள். அது அவளுக்குத் தெரியவும் தெரியாது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை போன்றவர்கள் என்று திருமறை உவமிக்கிறது (2:187). ஆடையின் வேலை மறைப்பது. அவிழ்ப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆடையின் அருமை எப்படித் தெரியும்?

மூன்றாவது நஷ்டம் சமுதாயத்துக்கு. முஃமின்களிடையே மானக்கேடு பரவ வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் வேதனை உண்டென்று அந்நூர் அத்தியாயத்தின் 19-ஆம் வசனம் கூறுகிறது. அது பரவுவதற்கு யாரும் கோஷம் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தால் போதும்.

"ஒளித்துச் செய்வது வேஷம்; வெளிப்படையாக இருப்பதே நேர்மை" என்றும் இன்று பேசுகிறார்கள். நம் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. அல்லாஹ் மறைத்த தன் பாவத்தைத் தானே விடிந்ததும் பறைசாற்றுகிறவனை மன்னிப்பின் வட்டத்துக்கு வெளியே நிற்பவனாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒளிக்கிறவனுக்குத் தான் செய்வது தவறென்று தெரியும். தவ்பாவின் கதவு அவனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெட்கத்தை விட்டவனுக்கு அந்தக் கதவு இருப்பதே நினைவிருக்காது. ஆனால் அல்லாஹ் போட்ட திரை, திரும்பி வருவதற்காகத் தரப்பட்ட அவகாசம். அந்தத் திரைக்குப் பின்னாலேயே குடியிருக்க அது தரப்படவில்லை. மலைமலையாய் நன்மைகளோடு வந்து, தனிமையில் அல்லாஹ்வின் எல்லைகளை மீறியதால் அத்தனையும் தூசியாகிப்போகும் ஒரு கூட்டத்தைப் பற்றி ஸவ்பான் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நம் எல்லோரையும் நடுங்கச் செய்ய வேண்டும்.

மேல்நாடுகளிலும் விழிப்பு இல்லாமல் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் ஷைகு ஹம்ஸா யூஸுஃப் என்ற முஸ்லிம் அறிஞரும் ராபர்ட் ஜார்ஜ் என்ற கிறிஸ்தவப் பேராசிரியரும் சேர்ந்து, அறைகளில் ஆபாசப் படம் விற்பதை நிறுத்துமாறு ஹோட்டல் முதலாளிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அதற்கு முந்திய ஆண்டிலேயே மாரியட் அதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. 2015-ல் ஹில்டனும் அறிவித்தது. 2025-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம், வயதைச் சரிபார்க்கும் டெக்சாஸ் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனிலும் அத்தகைய கட்டாயம் வந்தது. இவை நல்லவையே. ஆயினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: ஹோட்டல்கள் நிறுத்தியபோது விருந்தாளிகள் அதைத் தங்கள் செல்போனிலேயே கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். சட்டம் கடையின் வாசலில் காவல் நிற்கும். கண்ணின் வாசலில் அவரவர்தாம் நிற்க வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரி

அந்தத் தந்தையின் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. மகன் அன்றிரவு மேலும் ஒன்று சொன்னானாம்: "நான் முதன்முதலில் பார்த்தது உங்கள் போனில்தான், அத்தா."

தந்தைக்கு ஏன் வாய் வரவில்லை என்பது இப்போது விளங்குகிறது.

சகோதரரே, உங்களை நாம் இழித்துப் பேசமாட்டோம். இந்த வரியை எழுத உங்கள் கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்பதை உணர்கிறோம். இதை வாசிக்கும் வீடுகளில் உங்களைப் போன்றவர் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று சொல்லவும் எங்களுக்குத் துணிவில்லை. முதலில் இரண்டு ரக்அத் தொழுது தவ்பாச் செய்யுங்கள். பிறகு மகனை அழைத்து, "நான் உன்னை அடித்தது தவறு, நான் பார்த்ததும் தவறு, நான் விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு" என்று சொல்லுங்கள். மகனிடம் தோற்பதால் தகப்பனுக்கு மரியாதை குறையாது. நஃப்ஸிடம் தோற்றால்தான் குறையும்.

பிள்ளையின் செல்போனைத் திருட்டுத்தனமாகத் துருவிப் பார்க்காதீர்கள். துருவுவதைத் திருமறை தடுத்திருக்கிறது (49:12). அதற்குப் பதில் வீட்டுக்கே ஒரு சட்டம் போடுங்கள்: இஷாவுக்குப் பின் எல்லோருடைய செல்போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். வாலிபப் பிள்ளைகளின் திருமணத்தைச் சீர், நகை, மண்டபம் என்று காரணம் காட்டி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். மணமுடிக்க வசதி வராதவனுக்கு நோன்பு கேடயம் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள்.

மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். இதைப் போன்ற ஒரு கேள்வி பெருமானார் (ஸல்) அவர்களின் சபையிலேயே கேட்கப்பட்டது. ஓர் இளைஞர் வந்து, விபசாரம் செய்யத் தமக்கு அனுமதி தருமாறு கேட்டார். சபையோர் அதட்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை அருகில் அழைத்து உட்காரவைத்தார்கள். இதை உன் தாய்க்கு விரும்புவாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார். உன் மகளுக்கு? மாட்டேன். உன் சகோதரிக்கு? மாமிக்கு? சாச்சிக்கு? மாட்டேன், மாட்டேன் என்றார். மற்றவர்களும் அப்படித்தான், தங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதை விரும்பமாட்டார்கள் என்று எடுத்துரைத்து, அவர் மீது கை வைத்து, அவருடைய பாவமன்னிப்புக்காகவும் உள்ளத் தூய்மைக்காகவும் கற்பின் பாதுகாப்புக்காகவும் துஆச் செய்தார்கள். அதன்பின் அந்த இளைஞரின் உள்ளம் அதன் பக்கம் திரும்பவே இல்லை என்று அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

அடிக்க ஓங்கிய கைக்கும் துஆவுக்காக வைத்த கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்.

ஆகவே மகனிடம் இதைச் சொல்லுங்கள்: "தம்பி, யாருக்கு நஷ்டம் என்று கேட்டாய். திரையில் நீ பார்க்கும் அவள் யாருடைய மகள் என்று ஒருதடவை நினைத்துப்பார். அவளுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். நம் வீட்டுப் பெண் அந்த இடத்தில் இருந்து, சம்மதித்தேன் என்று சொன்னாலும் நாம் பொறுப்போமா? பொறுக்கமாட்டோம் என்றால், அவள் சம்மதம் நமக்கு ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. அது நாம் நமக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்."

வல்ல அல்லாஹ் நம் கண்களையும் நம் பிள்ளைகளின் கண்களையும் பாதுகாப்பானாக! நம் வீடுகளில் நாணத்தை நிலைக்கச் செய்வானாக! நாம் மறைத்தவற்றை மன்னித்து, மறைவிலும் அவனை அஞ்சுவோராக நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.